கம்ப்யூட்டர் பழுதா? கடைக்காரர் கைவிரித்தால் கலங்காதீங்க!



குழுக் கடன் வாங்கி, கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வைத்து டைப்பிங், பிரிண்ட் அவுட், ஆன்லைன் விண்ணப்பம் என்று தொழில் செய்யும் சகோதரிகள் நம்மில் உண்டு. மெஷின் நின்றால் வருமானமும் நின்றுவிடும். ஆனால் கடன் தவணை நிற்காது! அதனால் நமக்குள்ள உரிமையைத் தெரிஞ்சு வைத்துக்கொள்வது அவசியம்.

தொழிலுக்கு வாங்கினால் கேட்க முடியாதா?

"பிசினஸுக்குத்தானே வாங்கினீங்க, நுகர்வோர் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீங்க. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, 20.7.2020 முதல் நடைமுறையில் உள்ளது. வணிக நோக்கத்துக்காக வாங்குபவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று அதில் இருப்பது உண்மைதான். ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கி, தானே பயன்படுத்தினால் அது வணிக நோக்கம் ஆகாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. தானே உட்கார்ந்து டைப் செய்து குடும்பம் நடத்தும் பெண்ணும் நுகர்வோர்தான்.

வாங்கும்போது கவனிங்க

* பில் இல்லாமல் வாங்காதீங்க. பில் தராததே சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை.
* அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் என்றால் மதர்போர்டு, ஹார்ட் டிஸ்க், மானிட்டர் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வாரண்டி இருக்கும். எல்லாவற்றின் சீரியல் நம்பரையும் பில்லில் எழுதச் சொல்லுங்க.
* வாரண்டி அட்டையைப் பத்திரமாக வையுங்க.

பழுதானால் என்ன செய்யணும்?

வாரண்டி இருக்கும்போது வேறு மெக்கானிக்கிடம் கழற்றக் கொடுக்காதீங்க. அதையே காரணம் காட்டி மறுக்கலாம். சர்வீஸுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் தேதி, குறை எழுதிய ரசீது வாங்குங்க. முடிந்தால் முக்கியமான ஃபைல்களை முதலில் பென் டிரைவில் எடுத்து வையுங்க.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று பில்லில் அச்சடித்திருக்கிறதா? பயப்பட வேண்டாம். பில்லில் போட்ட கெடுவுக்குள், கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாளுக்குள், குறையுள்ள பொருளைத் திருப்பி எடுத்துப் பணம் தர மறுப்பதும் நியாயமற்ற வணிக நடைமுறைதான்.

வாயால் சண்டை போட்டுப் பயனில்லை. நடந்ததை எழுதி, 15 நாள் கெடு கொடுத்து, கடைக்கும் கம்பெனிக்கும் ஒப்புகையுடன் தபாலில் அனுப்புங்க. ஒரு நகலை நீங்க வைத்துக்கொள்ளுங்க. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் புகார் சொல்லலாம்.

அப்பவும் தீரவில்லையா?

உங்க மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுங்க. கடை வேறு ஊரில் இருந்தாலும், நீங்க குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்கணும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனால் பிரச்சினை ஏற்பட்டு 2 வருடத்துக்குள் போகணும். குறை நிரூபணமானால், சரிசெய்து தரவோ, மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பித் தரவோ, நஷ்டஈடு வழங்கவோ ஆணையம் உத்தரவிடலாம்.

தனியாகப் போகத் தயக்கமா? குழுவில் இரண்டு பேர் துணைக்குப் போங்க. அடுத்த கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுங்க. அன்றைக்கே ஒவ்வொருவரும் வீட்டில் பில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்க!