நினைவின் வாயில்கள்

1987ஆம் ஆண்டின் இறுதியில் கனடா நாட்டில் விந்தையான நோயொன்று தோன்றியது. பிரின்ஸ் எட்வர்டு தீவின் கடலில் வளர்க்கப்பட்ட மட்டிகளை உண்ட நூற்றுக்கும் மேற்பட்டோர் வாந்தியாலும் வயிற்று நோயாலும் துன்புற்றனர். சிலருக்கு வலிப்புக் கண்டது. மூவர் உயிர் துறந்தனர். பிழைத்தவருள் சிலருக்கு நேர்ந்த கேடு இரங்கத்தக்கது. அவர்தம் அறிவு மழுங்கவில்லை. ஆயினும், புதிய செய்திகளை மனத்தில் இருத்தும் ஆற்றலை அவர்கள் பெரிதும் இழந்தனர். நினைவைக் கவர்ந்து சென்ற அந்நஞ்சு யாது? இதனை உணர, நம் மூளை பணிபுரியும் முறையை முதலில் அறிதல் வேண்டும்.

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. அவை தமக்குள் ஓயாது செய்திகளைப் பரிமாறிக்கொள்கின்றன. எனினும், செய்தி கடக்கும் இடத்தில் பெரும்பாலும் அணுக்கள் ஒன்றையொன்று தொடுவதில்லை. நடுவே நுண்ணிய இடைவெளி உண்டு. ஒரு மில்லிமீட்டரை ஐம்பதாயிரம் கூறாக்கினால், அவற்றுள் ஒரு கூறே ஏறத்தாழ அதன் அளவாகும். செய்தி அனுப்பும் அணு, குளுட்டமேட் என்னும் பொருளை அவ்விடைவெளியில் சொரிகிறது. எதிர்க்கரையில் அதனை ஏற்கும் வாயில்கள் பல உள. அவற்றுள் விரைந்து திறப்பவை ஆம்பா ஏற்பிகள் எனப்படும். நான்கு புரதக் கூறுகளால் அமைந்த இவ்வாயில், குளுட்டமேட் பற்றியவுடன் திறக்கும், சோடியம் அயனிகள் உட்புகும், அணு கிளர்ச்சியுறும். கண்ணிமைக்கும் நேரத்தினும் மிகக் குறைந்த காலத்தில் வாயில் மீண்டும் மூடிக்கொள்ளும்.

நினைவுக்கும் இவ்வாயில்களுக்கும் நெருங்கிய தொடர்புண்டு. முயலின் மூளையில், கடற்குதிரை வடிவான ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியைப் பிளிஸ், லோமோ என்னும் அறிஞர் இருவர் ஆராய்ந்து, 1973இல் ஓர் உண்மையை வெளியிட்டனர். ஒரு நரம்பு வழியை அடுத்தடுத்துத் தூண்டினால், அவ்வழி வலிமை பெற்றுப் பல மணி நேரம் அவ்வாறே நிற்கும் என்பதே அது. இணைப்பில் ஆம்பா ஏற்பிகள் மிகுதியாக வந்து சேர்வது அவ்வலிமைக்கு முதன்மையான காரணம் எனப் பிற்கால ஆய்வுகள் காட்டின. கற்றது மனத்தில் பதிவதற்கு இத்தகைய மாற்றமே அடிப்படை என அறிஞர் கருதுவர்.

இனி, அந்நஞ்சிற்கு வருவோம். அது டோமோயிக் அமிலம் என்பதைக் கனடா அறிஞர் சில நாள்களிலேயே கண்டறிந்தனர். கண்ணுக்குப் புலனாகாத கடற்பாசி வகையொன்று அதனை உண்டாக்கிற்று, கடல்நீரை வடித்து இரை கொள்ளும் மட்டிகளின் உடலில் அது திரண்டது, சமைத்தும் அழியவில்லை. குளுட்டமேட்டை ஒத்த அந்நஞ்சு, ஆம்பா ஏற்பிகளையும் அவற்றின் இனமான கைனேட் ஏற்பிகளையும் அளவின்றித் தூண்டியது. ஓயாக் கிளர்ச்சியால் கால்சியம் மிகுதியாக உட்புக, ஹிப்போகாம்பஸின் அணுக்கள் மடிந்தன. நினைவைப் பதிக்கும் வாயிலே நினைவை அழிக்கும் வழியாயிற்று!

வலிப்பு நோயிலும் நரம்பணுக்கள் அளவின்றிக் கிளர்ச்சியுறுகின்றன. அதனைத் தணிக்க, ஆம்பா ஏற்பிகளின் செயலைக் குறைக்கும் பெரம்பனல் என்னும் மருந்து 2012இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது. ஆயினும், அவ்வாயில்களை முற்றும் அடைத்தல் ஆகாது. அடைத்தால் மூளையின் பணியே நின்றுவிடும். ஆதலின் மருத்துவர் அளவறிந்தே அதனை வழங்குவர். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்னும் பழமொழி, மூளையின் இந்நுண்ணிய வாயிலுக்கும் பொருந்துமன்றோ?