கார் ஒன்றுதான், செலவு ஒன்றல்ல

2025 ஜனவரியில் துபாயில் நடந்த 24 மணி நேரக் கார் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. மூவண்ணக் கொடியோடு அவர் நின்ற படம் அன்று எல்லார் செல்போனிலும் சுற்றியது. கொண்டாட்டத்தில் பலர் கவனிக்காமல் விட்ட ஒரு விவரம் உண்டு. அந்த அணி ஓடிய பிரிவின் பெயர் ‘992’. அது போர்ஷே 911 ஜிடி3 கப் காரின் தற்போதைய தலைமுறைக்குரிய எண். அந்தப் பிரிவில் மோதிய அத்தனை அணிகளும் ஓட்டியது அதே ரகக் காரைத்தான்.

எல்லாருக்கும் ஒரே ரகக் கார், ஒரே இன்ஜின், ஒரே டயர். வென்றால் ஓட்டுநருக்குப் பெருமை. தோற்றால் காரைக் குறை சொல்ல முடியாது. ரேஸ்காரர்கள் ‘ஸ்பெக் ரேஸ்’, ‘ஒன் மேக்’ என்றெல்லாம் சொல்வது இதைத்தான். பெரிய கம்பெனிகளின் பணபலம் இல்லாத அமெச்சூர் ஓட்டுநர்கள் போட்டியிட வேண்டுமானால், செலவைக் குறைக்க இதைவிட நேரான வழி இல்லை என்று நம்பித்தான் உலகம் முழுவதும் இதை நடத்துகிறார்கள். அந்த நம்பிக்கை எந்த அளவுக்கு நிஜம் என்பதைப் பார்க்க, முதலில் அந்தக் காருக்குள் எட்டிப்பார்க்க வேண்டும்.

சென்னையை அடுத்த குன்றத்தூர்க்காரர்கள் அதற்காகத் துபாய் வரை போகத் தேவையில்லை. ஊருக்கு மேற்கே, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி, இருங்காட்டுக்கோட்டையில் 3.717 கிலோமீட்டர் நீளமுள்ள ரேஸ் டிராக் 1990லிருந்து இருக்கிறது. நடத்துவது 1953ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப். அதற்கு முன்பு சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்துகொண்டிருந்தது. ஹூண்டாயின் முதல் சான்ட்ரோ 1998ல் வெளிவந்ததும் இதே இருங்காட்டுக்கோட்டையிலிருந்துதான். அந்த சான்ட்ரோ வருவதற்கு எட்டு ஆண்டு முன்பே ரேஸ் இந்த வட்டாரத்துக்கு வந்துவிட்டது.

மாருதி 800 தந்த ரேஸ் கார்

இந்தியாவில் ஒரே ரகக் கார் ரேஸின் கதையைக் கோயம்புத்தூரிலிருந்துதான் தொடங்க வேண்டும். எஸ். கரிவரதன் என்ற ரேஸ் ஓட்டுநர், 1980களின் இறுதியில் ஒரு சின்ன ரேஸ் காரை வடிவமைத்தார். ஒரே இருக்கை, திறந்த சக்கரம், இரும்புக் குழாய்களால் ஆன சட்டம். அதில் உட்கார்ந்திருந்தது அன்று தெருவெல்லாம் ஓடிய மாருதி 800இன் மூன்று சிலிண்டர், 796 சிசி இன்ஜின். ஃபார்முலா மாருதி என்று அதற்குப் பெயர்.

அதுவரை இங்கே ரேஸ் ஓட்ட விரும்பியவர் வெளிநாட்டுப் பழைய ரேஸ் காரை இறக்குமதி செய்ய வேண்டும். இல்லையேல் சாலைக் காரைப் பட்டறையில் கொடுத்து மாற்ற வேண்டும். இரண்டுக்கும் வசதி வேண்டும். ஃபார்முலா மாருதியில் எது உடைந்தாலும் உதிரிபாகம் உள்ளூர்க் கடையில் கிடைத்தது. இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 ஓட்டுநரான நரேன் கார்த்திகேயன், 2005ல் ஜோர்டான் அணியில் இடம்பெறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பு, தன் முதல் ரேஸை ஓட்டியது ஸ்ரீபெரும்புதூரில், ஃபார்முலா மாருதியில்தான்.

கரிவரதன் 1995ல் விமான விபத்தில் இறந்துபோனார். கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் 2003ல் திறக்கப்பட்ட ‘காரி மோட்டார் ஸ்பீட்வே’ அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. அவர் போட்ட பாதையில் அடுத்து வந்தவை ‘ஃபார்முலா எல்ஜிபி’ கார்கள். ரோலான் செயின் தயாரிக்கும் கோவை எல்.ஜி. பாலகிருஷ்ணன் அண்டு பிரதர்ஸ் நிறுவனத்தின் பெயர் அது. இந்தக் கார்கள் பலவற்றின் முதுகில் மாருதியின் 1300 சிசி இன்ஜின் ஏறியது. எஸ்டீமிலும் முதல் தலைமுறை ஸ்விஃப்டிலும் இருந்த அதே குடும்பம். நான்கு சிலிண்டர், பதினாறு வால்வு. பின்னாளைய எஸ்டீமில் 85 குதிரைத்திறன் தந்தது. குடும்பத்தோடு திருப்பதி போய்வந்த இன்ஜின், எடை குறைந்த சட்டத்தில் உட்கார்ந்ததும் ரேஸ் இன்ஜின் ஆகிவிட்டது.

0.2 மில்லிமீட்டரில் ஒரு தில்லுமுல்லு

ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் செய்த இரண்டு இன்ஜின்கள் ஒரே மாதிரி இருக்குமா? ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ கார் ஆலையின் க்வாலிட்டி பிரிவில் வேலை பார்க்கும் யாரைக் கேட்டாலும் இருக்காது என்பார். ஒவ்வொரு அளவுக்கும் மேலே கீழே கொஞ்சம் சலுகை உண்டு, டாலரன்ஸ் என்பார்கள். அதற்குள் வந்தால் பாகம் பாஸ். சாலைக் காருக்கு அது போதும். ரேஸில் வெற்றி ஒளிந்திருப்பதே அந்தச் சலுகைக்குள்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மேலே சொன்ன 1300 சிசி இன்ஜினில் சிலிண்டரின் விட்டம் 74 மி.மீ.; பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 75.5 மி.மீ. ஒரு சிலிண்டருக்குச் சுமார் 325 சிசி வருகிறது. கம்ப்ரெஷன் விகிதம் 9.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் உச்சிக்கு வந்ததும் அதற்கு மேலே மிஞ்சும் இடம் 38 சிசிதான். இப்போது சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, அதன் அடிப்பரப்பை 0.2 மி.மீ. மட்டும் சீவுகிறார்கள். மிஞ்சிய இடத்தில் ஏறக்குறைய 0.8 சிசி குறைந்துவிடும், விகிதம் 9.7ஐ நெருங்கிவிடும். கலவை இன்னும் இறுகி எரியும், இன்ஜின் கொஞ்சம் கூடுதலாக இழுக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. ‘ஹெட் ஃபேஸிங்’ என்பது எந்த இன்ஜின் பட்டறையிலும் அன்றாடம் நடக்கிற வேலை. சூடேறி வளைந்த ஹெட்டை நேராக்க அதைத்தான் செய்வார்கள். ரிப்பேருக்காகச் சீவினார்களா, ரேஸுக்காகச் சீவினார்களா என்பதைச் சீவிய தடம் சொல்லாது.

அந்தச் சின்ன வித்தியாசத்துக்கு மதிப்பென்ன? இருங்காட்டுக்கோட்டையில் ஒரு சுற்று 2 நிமிடம் ஆகிறது என்று கொள்வோம். நேரத்தில் அரை சதவீத லாபம் என்றால் சுற்றுக்கு 0.6 விநாடி. பத்துச் சுற்றில் 6 விநாடி. அந்த வேகத்தில் அது 180 மீட்டருக்கு மேற்பட்ட இடைவெளி. ஒரே ரகக் கார்கள் மூக்கும் வாலும் உரசியபடி ஓடும் ரேஸில், முதலிடத்துக்கும் ஐந்தாம் இடத்துக்கும் நடுவே அவ்வளவு தூரம் இருப்பதே அபூர்வம்.

சீல், கேஜ், தராசு

இதைத் தடுக்க ரேஸ் நடத்துபவர்கள் கண்டுபிடித்த முதல் ஆயுதம் சீல். இன்ஜினை மூடும் போல்ட்டுகளின் தலையில் துளையிட்டு, கம்பி கோத்து, எண் பொறித்த சீலை அடித்துவிடுவார்கள். கம்பி அறுந்திருந்தால் திறந்திருக்கிறார்கள் என்று பொருள். கோ–கார்ட் ரேஸில் உலகம் முழுக்கப் பரவியுள்ள ரோடாக்ஸ் மேக்ஸ் இன்ஜினுக்கு இந்த முறைதான். சீல் உடைத்துப் பழுது பார்க்க அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் மையங்களுக்கு மட்டுமே உரிமை.

இரண்டாவது, ஸ்க்ரூட்டினியரிங் எனப்படும் பரிசோதனை. ரேஸ் முடிந்ததும் முன்னணிக் கார்களை அடைத்த இடத்தில் நிறுத்துவார்கள். அணியினர் கைவைக்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றி, பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, அளவுகோடிட்ட கண்ணாடிக் குழாயிலிருந்து எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக உள்ளே விடுவார்கள். எத்தனை சிசி பிடிக்கிறது என்பதில் ஹெட்டைச் சீவிய குட்டு வெளிப்பட்டுவிடும். கேம்ஷாஃப்ட் வால்வை எத்தனை மில்லிமீட்டர் தூக்குகிறது என்று டயல் கேஜ் காட்டிக்கொடுக்கும். பாகம் அளவுக்குள் இருக்கிறதா என்று மட்டும் காட்டும், ஆலைகளில் பயன்படும் ‘கோ, நோ–கோ’ கேஜ்களுக்கும் இங்கே வேலை உண்டு.

மூன்றாவது தராசு. காரின் எடையை மட்டும் அல்லாமல், ஓட்டுநரும் ஹெல்மெட்டும் சேர்ந்த எடையைக் கணக்கிடுவது பல ரேஸ்களில் வழக்கம். இல்லாவிட்டால் 55 கிலோ இளைஞருக்கு 80 கிலோக்காரரைவிடக் காலெடுத்து வைக்கும்போதே சலுகை கிடைத்துவிடும். எடை குறைந்தால் இரும்புத் தகட்டை போல்ட் போட்டு ஏற்ற வேண்டியதுதான்.

விதி மூடாத கதவு

இத்தனைக்குப் பிறகும் செலவு ஏறிக்கொண்டேதான் போகிறது. காரணம் எளிது. விதி எதை அளக்கிறதோ அங்கே பணம் வேலை செய்யாது. எதை அளக்கவில்லையோ அங்கே போய்க் குவியும்.

1963ல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற ஃபார்முலா வீ என்ற ரேஸ் வகை, வோக்ஸ்வேகன் பீட்டில் காரின் பாகங்களைக் கொண்டு ஏழை ரேஸ்காரர்களுக்காக உருவானது. நாளடைவில், காற்றும் பெட்ரோலும் போகும் மேனிஃபோல்ட் குழாயே அதில் பெரிய வியாபாரமாகிவிட்டது. விதி சொல்லும் வெளி அளவைக் காப்பாற்றிக்கொண்டே உள்ளே காற்று தாராளமாகப் போகும்படி செய்யத் தெரிந்த நிபுணர்களிடம் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். பழைய மாஸ்டா மியாட்டா கார்களைக் கொண்டு 1990களின் இறுதியில் தோன்றிய ‘ஸ்பெக் மியாட்டா’வும் இதற்கு விலக்கல்ல. அமெரிக்காவின் மிகப் பிரபலமான அமெச்சூர் வகுப்புகளில் ஒன்று அது. 2014 தேசிய இறுதிப் போட்டியில் முன்னணியில் முடித்த பல கார்கள், சிலிண்டர் ஹெட்டில் விதிக்கு மாறான வேலை இருந்ததாக நீக்கப்பட்டன. மலிவு ரேஸ் என்று தொடங்கியது, நிபுணர் கட்டிய இன்ஜின் இல்லாமல் முன்வரிசை கிடையாது என்ற நிலைக்கு வந்திருந்தது.

இன்ஜினை இறுக்கி மூடினாலும் டயர் இருக்கிறது. புது டயர் முதல் சில சுற்றுகளில்தான் நன்றாகப் பிடிக்கும் என்பதால், ஒவ்வொரு ரேஸுக்கும் புது செட் போடுபவர் முந்துவார். இத்தனை செட்தான் என்று எண்ணிக் குறியிட்டால் அந்தக் கதவும் மூடும். அதற்குப் பிறகும் திறந்திருப்பது பயிற்சி. டிராக் வாடகை, பெட்ரோல், மெக்கானிக் கூலி, வண்டி ஏற்றிவரும் லாரி, மோதினால் வரும் பழுது. ஒருவர் ரேஸுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை வந்து காரில் ஏறுகிறார். இன்னொருவர் அதே டிராக்கில் பல நாள் ஓட்டி, ஒவ்வொரு திருப்பத்தின் பிரேக் புள்ளியையும் கணினியில் பார்த்து, பயிற்சியாளரோடு அலசிவிட்டு வருகிறார். பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே சீருடைதான்; சாயங்காலம் டியூஷன் யாருக்கு என்பதைச் சீருடை சொல்வதில்லை. ஒரே ரகக் காரும் அப்படித்தான்.

செலவுக்குக் கடிவாளம்

இதற்கு உலகம் பல மருந்துகளை முயன்றிருக்கிறது. ஒன்று, கார் ஓட்டுநர் கையில் இல்லாமலே இருப்பது. 2010ல் இந்தியாவில் தொடங்கிய வோக்ஸ்வேகன் போலோ கப்பில் கார்களைப் பராமரித்தது கம்பெனியே. ஓட்டுநர் சீசனுக்கான கட்டணத்தைக் கட்டிவிட்டு ஹெல்மெட்டோடு வந்தால் போதும். சென்னையில் தீவுத்திடலைச் சுற்றி 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் இரவு வெளிச்சத்தில் நடந்த தெரு ரேஸில் ஓடிய ஃபார்முலா 4 கார்களும் எல்லாருக்கும் ஒரே ரகம்தான். கம்பெனியே காரைப் பராமரிக்கும் முறையில் பட்டறைத் தந்திரத்துக்கு இடம் குறைவு. ஆனால் பழுது பார்க்கவும் ட்யூன் செய்யவும் தெரிந்த உள்ளூர் மெக்கானிக்குக் கற்றுக்கொள்ளும் இடமும் குறைந்துவிடுகிறது.

இன்னொன்று வேடிக்கையானது. 2006ல் அமெரிக்காவில் தொடங்கிய ‘24 அவர்ஸ் ஆஃப் லெமன்ஸ்’ ரேஸில் காரின் மதிப்பு 500 டாலரைத் தாண்டக் கூடாது என்பது விதி. தாண்டியதாக நடுவர்கள் நினைத்தால் சுற்றுகளைக் கழித்துவிடுவார்கள். அதற்கும் மேலாக, அந்த 500 டாலரைக் கொடுத்து உங்கள் காரையே வாங்கிக்கொள்ளும் உரிமை நடத்துபவர்களுக்கு உண்டு. ஆயிரக்கணக்கில் கொட்டி இன்ஜின் கட்டியவருக்கு வயிற்றில் புளி கரைக்காதா? அளவுகருவி எட்டாத இடத்தில் இப்படியொரு பயம் வேலை செய்கிறது.

நம் ஊருக்கு என்ன பொருந்தும்? கரிவரதன் காட்டிய வழியே இன்றைக்கும் சரி. தெருவில் ஏராளமாக ஓடும் இன்ஜின், கடையில் கிடைக்கும் பாகம், ஒரே பட்டறையில் கட்டிய சட்டம். அதற்கு மேல் மூன்று விதிகள் கட்டாயம் வேண்டும்: சீசன் முழுவதுக்கும் எண்ணிக் குறியிட்ட டயர்கள், ரேஸ் டிராக்கில் எல்லாருக்கும் ஒரே அளவு பயிற்சி நாள், ரேஸ் முடிந்ததும் எல்லார் முன்னிலையிலும் திறந்து அளக்கும் பரிசோதனை. குதிரைத்திறனைச் சமன் செய்வதைவிடப் பயிற்சி நாளைச் சமன் செய்வது முக்கியம். ஏனென்றால் பணம் அதிகம் வாங்கித் தருவது அதைத்தான்.

குன்றத்தூர், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. ரேஸ் ஓட்ட ஆசை வந்தால், முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருங்காட்டுக்கோட்டைக்குப் போய், முன்வரிசையை விட்டு நடுவரிசைக் கார்களைப் பாருங்கள். முதலில் சேரும் பணத்தில் தரச் சான்று பெற்ற ஹெல்மெட்டும் தீப்பிடிக்காத உடையும் வாங்குங்கள். அடுத்து சேர்வதைப் பயிற்சி நாளுக்குக் கொடுங்கள். இன்ஜினில் கைவைத்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால், பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.