நரம்பு என்னும் சொல்



மருத்துவக் கல்லூரியை விட்டு வெளிவந்து நான் பயிற்சி மருத்துவனாக இருந்த நாட்களில், ஒருவர் என்னைக் காண வந்தார். உணவு விடுதியொன்றில் விடியல் முதல் இரவு வரை அடுப்பின் முன் நின்று தோசை வார்ப்பது அவர் தொழில். "கால்ல நரம்பு இழுக்குதுங்க ஐயா, பொழுது சாஞ்சா நிக்கவே முடியல" என்றார். நான் உடனே நோய்க் குறிப்பேட்டை எடுத்து, நரம்பு என்பதற்கு ஆங்கில மருத்துவ நூல்களில் நான் படித்த சொல்லை எழுதினேன். அதன்பின் நான் செய்தவை யாவும் அந்த ஒரு சொல்லின் வழியே சென்றன. அவரைக் கட்டிலில் படுக்க வைத்தேன். முழங்காலைச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். ஊசிமுனையால் பாதத்தைத் தொட்டு, உணர்ச்சி உண்டா என வினவினேன். எல்லாம் செம்மையாகவே இருந்தன. வைட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

சில மாதங்கள் சென்று அவர் மீண்டும் வந்தார். கணுக்காலின் உட்புறத்தில் ஆறாத புண் ஒன்று இருந்தது. எனக்கு மேலிருந்த மூத்த மருத்துவர் அவரைப் படுக்கச் சொல்லவில்லை. எழுந்து நிற்கச் சொன்னார். நின்ற சிறிது நேரத்தில் கெண்டைக்காலில் நீலநிறச் சிரைகள் நெளிந்து நெளிந்து புடைத்தெழுந்தன. படுத்தால் இரத்தம் வடிந்து அவை கண்ணுக்கு மறைந்துவிடும். "நரம்பு என்றுதானே ஐயா சொன்னார்?" என்றேன் நான், சற்றே குன்றிப்போய். "அவர் சரியாகத்தான் சொன்னார். நீர்தான் வேறு நரம்பைத் தேடினீர்" என்றார் பெரியவர்.

அன்று முதல் இச்சொல் என்னை விடவில்லை. ஊசி போட வரும் செவிலி "நரம்பு கிடைக்கவில்லை" என்கிறார். அவர் தேடுவது சிரையை. சுளுக்கு வழிப்பவர் "நரம்பு பிசகிவிட்டது" என்கிறார். அவர் கை தேய்ப்பது தசையையும், தசையை எலும்போடு பிணைக்கும் நாணையும். தாவர நூல் கற்பிக்கும் ஆசிரியர் அரச இலையை உயர்த்திப் பிடித்து, "இதோ, நரம்புப் பின்னல்" என்கிறார். அது நீரும் உணவும் ஓடும் குழாய்த் தொகுதி. தும்பியின் இறக்கையிலும் நரம்பு உண்டு. கணிப்பொறித் துறையினர் 'நரம்பு வலை' என்று ஒன்றைப் பேசுகின்றனர். அதில் நரம்பும் இல்லை, வலையும் இல்லை! நீளமாய், மெல்லியதாய், கிளைத்து ஓடுவது எதுவாயினும் மக்கள் அதனை நரம்பு என்றனர். அவர்கள் கண்ணால் கண்டதற்குப் பெயரிட்டனர். மருத்துவ நூல் நரம்பு எனக் குறிப்பதையோ, உயிருள்ள உடலில் புறத்தே காண்பது அரிது. முழங்கையின் உட்புறம் கதவில் இடித்துக்கொள்ளும்போது சுண்டுவிரல் வரை மின்னல் ஓடுகிறதே, அப்பொழுதுதான் அஃது அங்கே இருப்பதை நாம் உணர்கிறோம்.

இச்சொல்லின் பழம்பொருள்களுள் ஒன்றை அறிய வேண்டுமாயின் யாழைப் பார்க்க வேண்டும். சங்க நூல்களில் நரம்பு என்றால் யாழின் தந்தி. செங்கோட்டியாழுக்கு ஏழு நரம்பு, பேரியாழுக்கு இருபத்தொன்று என உரையாசிரியர் எண்ணிக்கை தருவர். தந்தியைக் குறித்த சொல் அதிலிருந்து பிறக்கும் சுரத்துக்கும் பெயராயிற்று. ஒரு சுரத்தோடு பொருந்துவதைக் கிளை நரம்பு என்றும், பொருந்தாததைப் பகை நரம்பு என்றும் இசை நூலார் வகுத்தனர்.

இது தமிழுக்கு மட்டும் நேர்ந்ததன்று. கிரேக்க மொழியில் நியூரான் என்ற சொல் முதலில் தசைநாணையும், வில்லின் நாணையும், யாழ் போன்ற இசைக்கருவியின் தந்தியையும் குறித்தது. இலத்தீனில் நெர்வஸ் என்ற சொல்லும் அவ்வாறே. வடமொழியில் நாரைக் குறித்த ஸ்நாயு இன்று வங்காளியில் நரம்பைக் குறிக்கிறது. உடலுக்குள் இருக்கும் நார், வில்லில் கட்டிய நாண், யாழில் முறுக்கிய தந்தி ஆகிய மூன்றும் பண்டையோர் கைக்கு ஒன்றுபோலவே பட்டிருக்க வேண்டும்.

அரிஸ்டாட்டில் காலத்திலும் இந்தக் கலப்பு நீங்கவில்லை. அவர் நியூரான் என்று எழுதியது பெரும்பாலும் நாண்களை. அவை இதயத்திலிருந்து புறப்படுவதாக அவர் எண்ணினார். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் ஹெரோபிலஸ், எராசிஸ்திராட்டஸ் என்னும் இருவர் மனித உடலை அறுத்து ஆராய்ந்து, மூளையோடும் தண்டுவடத்தோடும் இணைந்த நரம்புகள் வேறு, தசையை இழுக்கும் நாண்கள் வேறு எனப் பிரித்தறிந்தனர். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ரோமாபுரியில் வாழ்ந்த கேலன் இதனைப் பலர் முன்னிலையில் மெய்ப்பித்துக் காட்டினார். கட்டிவைத்த பன்றியொன்று வீறிட்டுக் கத்திக்கொண்டிருந்தது. அதன் குரல்வளைக்குச் செல்லும் மயிரிழை போன்ற நரம்புகளை அவர் அறுத்தார். பன்றி திமிறிக்கொண்டுதான் இருந்தது. குரல் மட்டும் அடங்கிவிட்டது. குரலை ஆள்வது இதயமன்று, மூளையே என்பது அதனால் விளங்கிற்று. கொடிய சோதனைதான், ஆயினும் அதன் முடிவை மறுப்பார் இல்லை.

பொருள் பிரிந்த பின்னரும் பழைய உருவம் அறிஞர் மனத்தை விட்டு அகலவில்லை. நரம்பும் இரத்தக் குழாயைப் போல் உள்ளே துளையுடையது, அதில் ஏதோ நுண்ணிய ஆவி ஓடுகிறது என்று பல நூற்றாண்டுகள் நம்பினர். தவளைக் காலில் கால்வானி செய்த மின் சோதனைகள் 1791இல் வெளியாயின. 1850இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ், தவளையின் நரம்பில் செய்தி செல்லும் வேகம் வினாடிக்குச் சுமார் 27 மீட்டர் என அளந்தார். குழாய்க் கதை அத்துடன் முடிந்தது. நரம்பணுவுக்கு நியூரான் என்ற பழஞ்சொல்லையே வால்டையர் 1891இல் சூட்டினார். வில்லின் நாணைக் குறித்த சொல் அணுவின் பெயராயிற்று! பழம்பொருளும் முற்றும் அழிந்துவிடவில்லை. உள்ளங்கையில் தோலுக்கடியில் விரிந்துள்ள தட்டையான நார்த்தகட்டுக்கு உடற்கூற்று நூலில் அப்போநியூரோசிஸ் என்று பெயர். அதில் நரம்பு எங்கே என்று முதலாண்டு மாணவர் தேடுவர். அங்கே அது நாண் என்னும் பழைய பொருளில் நிற்கிறது.

தமிழிலும் இந்தப் பிரிவினையைச் செய்ய வேண்டியிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, நூல்களும் வெளியிட்டார். அவரும் அவருக்குப் பின் வந்தோரும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சொல்லைத் தேடினர். இன்றைய பாடநூல்களில் தமனி, சிரை, நரம்பு, தசைநாண் என நான்கும் தனித்தனியே நிற்கின்றன. தசைநாண் என்பதிலுள்ள நாண் வில்லின் நாணே. ஆனால் நோயாளி பாடநூல் படித்துவிட்டு வருவதில்லையே!

இங்கே ஒரு வியப்பைச் சொல்ல வேண்டும். நரம்புச் சிலந்தி என்று முன்னாளில் ஒரு நோய் இருந்தது. சிலந்தி என்பது ஈண்டுப் புண்ணைக் குறிக்கும். காலில் கொப்புளம் உடைந்து, வெண்ணிறக் கயிறு போன்ற ஒன்று தலை நீட்டும். அதை ஒரு குச்சியில் சுற்றி நாள்தோறும் சிறிது சிறிதாக வெளியே இழுப்பர். அது நரம்பன்று, ஏறத்தாழ ஒரு மீட்டர் வரை வளரும் புழு. குடிநீரிலுள்ள நுண்ணிய நீர்ப்பூச்சி வழியாக உடலுட் புகுவது. அரபு மருத்துவர்களும் இதற்கு மதீனத்து நாளம் என்றே பெயரிட்டிருந்தனர். கண்ணுக்குத் தெரிந்ததைக் கொண்டு பெயரிடும் வழக்கம் அங்கும் இங்கும் ஒன்றே. குளத்து நீரை வடிகட்டிக் குடித்தும், படிக்கிணறுகளைச் சீர்செய்தும் இந்நோயை ஒழித்தனர். இந்தியா அதனின்று விடுபட்டதென உலக சுகாதார நிறுவனம் 2000இல் சான்றளித்தது.

நரம்புத் தளர்ச்சியைப் பற்றி நான் அதிகம் பேச விரும்பவில்லை. 1869இல் அமெரிக்க மருத்துவர் பியர்டு பரப்பிய ஒரு பெயரின் தமிழ் வடிவம் அது. கை நடுக்கம், உறக்கமின்மை, தேர்வு அச்சம், மனச்சோர்வு ஆகிய அனைத்துக்கும் சுவர் விளம்பரங்களில் அஃதொன்றே பெயர். மாணவர்கள் அவ்விளம்பரங்களுக்குப் பணம் செலவிடாதிருந்தால் போதும்.

தோசைக்கடைக்காரரிடம் கற்ற பாடத்தால் எனக்கு நேரவிருந்த இன்னொரு தவற்றையும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்குப் பின் கல்லூரி மாணவியொருத்தி வந்து, "கழுத்துல நரம்பு புடைச்சிருக்கு டாக்டர்" என்றாள். சிரையாகத்தான் இருக்கும் என்று என் மனம் முந்திக்கொண்டது. எனினும் எழுதுகோலைக் கீழே வைத்து, "எங்கே அம்மா, தொட்டுக் காட்டு" என்றேன். காதுக்குக் கீழே அவள் காட்டிய இடத்தில் விரல் வைத்தேன். சிரையாயின் அழுத்தினால் அமுங்கும். இது கயிறுபோல் விரலடியில் உருண்டது. கன்னத்தில் வெளிறிய படை ஒன்று. அதைப் பஞ்சால் தொட்டால் அவளுக்குத் தெரியவில்லை. தொழுநோயின் தொடக்கம் அது. அந்நோயில் நரம்பு உண்மையாகவே தடித்துப் புடைக்கும். ஓராண்டு மாத்திரை உண்டு அவள் குணமடைந்தாள், விரலொன்றும் மடங்கவில்லை. அவள் சொன்னது, நான் கல்லூரியில் படித்த அதே நரம்பைத்தான்.