ஓடு வேய்ந்தாற்போல் அடுக்கிய சாயம்

பாலிமர் கரைசலில் சிறிது சாயத்தைக் கலந்து, கண்ணாடிச் சில்லின் மேல் ஒரே திசையில் இழுத்துப் பூசிக் காயவிட்டால், மெல்லிய சிவந்த படலம் கிடைக்கும். வெறுங்கண்ணுக்கு அதில் பார்க்க ஒன்றும் இல்லை. நுண்ணோக்கியின் அடியில் வைத்து, ஒரே தளத்தில் அதிரும் மஞ்சள் ஒளியைக் கீழிருந்து பாய்ச்சுங்கள். படலம் முழுக்க இழை இழையாகக் கருங்கோடுகள். மேடையை மெதுவாகத் திருப்பினால் அவை வெளிறிக்கொண்டே வந்து, 90 பாகையில் ஏறக்குறைய காணாமல் போகும். இன்னொரு 90 பாகை திருப்பினால், போன கோடுகள் அதே இடத்தில் திரும்ப வந்து நிற்கும். எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத காட்சி இது.

சாயத்தின் பெயர் சூடோஐசோசயனின். நீர்த்த கரைசலில் இதன் மூலக்கூறுகள் தனித்தனியே திரிந்து, 525 நானோமீட்டர் அருகே பச்சை ஒளியைப் பரவலாக உட்கவரும். தண்ணீரில் அடர்த்தியைக் கூட்டினால் மூலக்கூறுகள் ஒன்றுசேர்ந்து திரள்கின்றன; 573 நானோமீட்டர் அருகே ஊசிபோல் கூரிய ஒரு பட்டை புதிதாக முளைக்கிறது. 1930களில் இங்கிலாந்தின் கோடாக் ஆய்வகத்தில் எட்வின் ஜெல்லியும், ஜெர்மனியில் குந்தர் ஷைபேயும் தனித்தனியே இதைக் கண்டார்கள். ஜெல்லியின் முதலெழுத்தால் இந்தத் திரளுக்கு 'ஜே திரள்' என்று பெயர். புகைப்படச் சுருளுக்கு இதில் நேரடி அக்கறை உண்டு: வெள்ளி உப்பு தானாக உணர்வது பெரும்பாலும் நீல ஒளியைத்தான், மற்ற நிறங்களை அதற்கு உணர்த்துபவை இத்தகைய சாயங்களே.

ஓட்டு வீட்டுக் கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஓட்டின் மேல் அடுத்தது பாதி ஏறிச் சரிந்து கிடக்கும். திரளில் மூலக்கூறுகளும் அப்படித்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன. படலத்தில் தெரிந்த இழைகள் இத்திரள்களே. ஒளி விழுந்தால் அதன் ஆற்றலை ஒரு மூலக்கூறு மட்டும் வைத்துக்கொள்வதில்லை; வரிசையில் உள்ள பலவும் சேர்ந்து ஏந்துகின்றன. நெடுக ஒன்றுசேர்ந்து அதிர்வதால், இழையின் நீளவாக்கில் அதிரும் ஒளியே வலுவாக உட்கவரப்படுகிறது. கருங்கோடுகள் மறைந்து தோன்றியதன் காரணம் இதுதான்.

சாதாரண நுண்ணோக்கி சுமார் 200 நானோமீட்டருக்குக் குறைவான இடைவெளியைப் பிரித்துக் காட்டாது. பல இழைகள் அதைவிட மெலிந்தவை. அதனால் 1990களின் நடுவில், அமெரிக்காவில் டேனியல் ஹிக்கின்ஸும் பால் பார்பராவும் வேறு வழியில் போனார்கள். உலோகம் பூசிய கண்ணாடி இழையின் முனையில் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிய துளை; அதைப் படலத்தைத் தொட்டும் தொடாமலும் நகர்த்தி, புள்ளி புள்ளியாகப் படம் எடுத்தார்கள்.

எனக்குப் பிடித்தவை வளைந்த இழைகள். மேடையைத் திருப்பத் திருப்ப, கருமை வளைவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஊர்ந்துபோகும். இழை திரும்பும் இடத்தில் மூலக்கூறுகளும் வரிசை கலையாமல் கூடவே திரும்பியிருக்கின்றன.