வாயில்லாச் சாட்சிகள்

லண்டன் மாநகரில் டிசம்பர்த் திங்களில் கொழுத்த கால்நடைகளின் பொருட்காட்சி ஒன்று நடைபெறுவது நெடுங்கால வழக்கமாக இருந்தது. ஸ்மித்ஃபீல்டு காட்சி என்பது அதன் பெயர். நாட்டுப்புறத்து உழவர்கள் தாம் அருமையாக வளர்த்த காளைகளையும் பசுக்களையும் அங்கே கொணர்ந்து நிறுத்திப் பரிசு பெற்றுச் செல்வர். 1952ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள், மாடுகள் நகருக்கு வந்து சேர்ந்த வேளையில், அடர்ந்த மூடுபனி லண்டனைக் கவிந்துகொண்டது. கைக்கெட்டும் தொலைவில் நிற்பவர் முகமும் தெரியாத பனி அது. மாடுகள் மூச்சுத் திணறின. காட்சிக்கு வந்திருந்த 351 மாடுகளில் 52 கடுமையாக நோயுற்றன, ஐந்து மாண்டன, பிழைக்கமாட்டா என்று கண்டு வேறு சிலவற்றைக் கொன்றுவிட நேர்ந்தது.

மாடுகளின் சாவு ஊரெங்கும் பேச்சாயிற்று. மனிதர்களின் சாவு அவ்வாறு பேசப்படவில்லை. கொட்டகை ஒன்றில் ஒருசேர நிற்கும் மாடுகள் விழுந்தால் அனைவரும் காண்பர். ஆயிரம் வீடுகளில் ஆயிரம் முதியோர் தத்தம் படுக்கையில் இறந்தால், அதனை ஒன்றாகக் கூட்டிப் பார்ப்பவர் எவர்? பனி விலகிய பின்னர் இறப்புப் பதிவேடுகளைக் கூட்டிப் பார்த்தபோதுதான், வழக்கத்தைவிட ஏறத்தாழ 4,000 பேர் மிகுதியாக மாண்டிருந்தது தெரியவந்தது. அடுத்த சில திங்கள்களின் இறப்புகளையும் சேர்த்துப் பிற்காலத்தில் ஆராய்ந்தோர், அத்தொகை 12,000 வரை செல்லும் எனக் கணக்கிட்டனர்.

நிகழ்ந்தது யாது? பொதுவாகத் தரையை ஒட்டிய காற்று வெப்பமாகவும் மேலே செல்லச் செல்லக் குளிர்ந்தும் இருக்கும். வெப்பக் காற்று மேலெழும்போது ஊரின் புகையையும் உடன் எடுத்துச் செல்லும். அந்த நாள்களிலோ குளிர்ந்த காற்று தரையோடு படிந்து கிடக்க, அதன்மேல் வெப்பமான காற்று ஒரு மூடிபோல் அமர்ந்துவிட்டது. காற்று வீசவில்லை. குளிர் மிகுந்ததனால் வீடுதோறும் நிலக்கரி மிகுதியாக எரிந்தது. அக்கரியிலிருந்த கந்தகம் கந்தக-டை-ஆக்சைடு வாயுவாகிப் பனித்துளிகளில் கரைந்து கந்தக அமிலமாக மாறியது. லண்டன் மாந்தர் நான்கைந்து நாள்கள் கரித்தூளையும் அமிலத்துளியையும் சுவாசித்தனர். மாடுகளும் அதனையே சுவாசித்தன.

இங்கே ஒரு விந்தையைக் கூறாமல் அப்பால் செல்ல மனம் வரவில்லை. நோயுற்றவை அடிக்கடி துப்புரவு செய்யப்பட்ட தொழுவங்களில் நின்ற உயர்தரப் பரிசு மாடுகளே. சாணமும் சிறுநீரும் சேர்ந்து கிடந்த இடங்களில் நின்ற விலங்குகள் பெரும்பாலும் தப்பிவிட்டன. சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியா, காற்றிலிருந்த அமிலத்தைச் சமன்செய்திருக்கக்கூடும் என்று சில விஞ்ஞானிகள் விளக்கம் கூறினர். அழுக்குக் காத்தது என்று இதனைக்கொண்டு முடிவு கட்டிவிட வேண்டாம். காற்றில் இருந்த நஞ்சு எத்தகையது என்பதற்கு அத்தொழுவங்களே ஒரு சோதனைக்கூடமாக அமைந்தன என்பதே இதில் நாம் கவனிக்கத்தக்கது. 1956ஆம் ஆண்டில் பிரிட்டனில் தூய காற்றுச் சட்டம் பிறந்தது.

லண்டனில் மாடும் மனிதனும் ஒரே வாரத்தில் துன்புற்றனர், எச்சரிக்கைக்கு இடமில்லை. ஆனால் ஆண்டுக்கணக்கில் முன்கூட்டியே விலங்குகள் சான்று கூறியும் அதனைக் கேளாத ஓர் ஊர் உண்டு. ஜப்பானின் கியூஷு தீவில், தீவுகள் அரண்செய்த அமைதியான கடலின் கரையில் இருக்கும் மினமாட்டாவே அது.

அங்கே ஒரு பெரிய இரசாயனத் தொழிற்சாலை இருந்தது. 1932ஆம் ஆண்டு முதல் அசிடால்டிஹைடு என்னும் பொருளை அது செய்துவந்தது. அச்செய்முறைக்குப் பாதரசச் சேர்மம் ஒன்று கிரியா ஊக்கியாகப் பயன்பட்டது. அதன் ஒரு பகுதி செய்முறையின்போதே மெதில் பாதரசம் என்னும் கொடிய வடிவம் பெற்றுக் கழிவுநீரோடு விரிகுடாவிற் கலந்தது. 1950ஆம் ஆண்டிற்குப் பின் அக்கரையோரச் சிற்றூர்களில் பூனைகள் விந்தையாக நடந்துகொள்ளத் தொடங்கின. எச்சில் ஒழுகச் சுற்றிச் சுற்றி வந்தன, கால்கள் பின்னின, சுவரில் மோதின, சில கடலில் விழுந்து மாண்டன. ஊரார் அதனை ஆடும் பூனை நோய் என்றனர். காகங்கள் பறந்தபடியே விழுந்தன. 1954ஆம் ஆண்டு ஆகஸ்டில் அந்த வட்டாரத்து நாளேடு ஒன்று, மீனவர் குடியிருப்பு ஒன்றில் பூனைகள் அநேகமாக அற்றுப்போனதையும், அதனால் எலிகள் பெருகித் தொல்லை தருவதையும், எலிகளை ஒழித்துத் தருமாறு மக்கள் நகராட்சியை வேண்டியதையும் வெளியிட்டது. எலிக்கு மருந்து கேட்டார்கள். பூனை ஏன் செத்தது என்று கேட்பார் இல்லை.

1956ஆம் ஆண்டு ஏப்ரலில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியைத் தொழிற்சாலையின் மருத்துவமனைக்கு எடுத்து வந்தனர். அவளால் நடக்க முடியவில்லை, பேச்சுக் குழறியது, உணவு விழுங்குவதும் அரிதாயிற்று. சில நாள்களில் அவள் தங்கையும் அவ்வாறே ஆனாள். மருத்துவமனைத் தலைவர் ஹொசொகவா, மே 1ஆம் நாள் இந்நோயைச் சுகாதார அலுவலகத்துக்கு அறிவித்தார். முதலில் தொற்றுநோய் என ஐயுற்று, நோயாளிகளைத் தனியே வைத்து வீடுகளில் கிருமிநாசினி தெளித்தனர். பூனையின் நோயும் சிறுமியின் நோயும் ஒன்றே என்பது விரைவில் விளங்கியது. மீனவர் வீட்டுப் பூனை மீனவர் உண்ட மீனின் எச்சத்தையே உண்டது அன்றோ?

மாணவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்கலாம்: கடல் பெரிது, கழிவு சிறிது, நஞ்சு நீர்த்துப்போயிருக்க வேண்டாவா? நீரில் நீர்த்துத்தான் போயிற்று. உயிர்களின் உடலிலோ அது செறிந்தது. நுண்ணுயிர்கள் நீரிலிருந்து பாதரசத்தைச் சிறுகச் சிறுக ஏற்கின்றன. அவற்றைச் சிறு மீன் ஆயிரக்கணக்கில் உண்கிறது. சிறு மீன்களைப் பெரிய மீன் உண்கிறது. உணவு செரித்துக் கழிந்தபோதும் மெதில் பாதரசம் எளிதில் வெளியேறாமல் தசையில் தங்கிவிடுகிறது. ஒவ்வொரு படியிலும் அதன் செறிவு ஏறுகிறது; படியின் உச்சியிலே பூனையும் மனிதனும் இருக்கின்றனர். மீனைக் கழுவினாலும் கொதிக்கவைத்தாலும் அது நீங்குவதில்லை. உடலுள் புகுந்தபின் அது மூளையைச் சென்றடைகிறது. கை கால் மரத்துப்போதல், தள்ளாட்டம், பார்வை ஒரு குழாயின் வழியே காண்பதுபோற் சுருங்குதல் ஆகியவை அதன் அடையாளங்கள். அனைத்திலும் கொடியது, தாயின் நச்சுக்கொடியையும் கடந்து கருவிலிருக்கும் சிசுவின் மூளையை அது தாக்குவதே. தாய் சிறிதளவே நோயுற்றிருக்கக் குழந்தை முடமாகப் பிறந்த குடும்பங்கள் மினமாட்டாவில் உண்டு.

1957ஆம் ஆண்டில் சுகாதார அலுவலகத் தலைவர் ஒருவர் விரிகுடாவின் மீனைப் பூனைகளுக்கு உணவாக அளித்துச் சோதித்தார், அவை நோயுற்றன. மீன் விற்பனையைத் தடைசெய்யலாமா என்று மாகாண அரசு மத்திய அமைச்சகத்தைக் கேட்டது. விரிகுடாவின் மீன்கள் யாவும் நஞ்சேறியவை என்பதற்குத் தெளிவான சான்றில்லை என்று பதில் வந்தது. ஒவ்வொரு மீனுக்கும் தனித்தனிச் சான்று யாரால் தர இயலும்? 1958இல் தொழிற்சாலை தன் கழிவு வாயை விரிகுடாவிலிருந்து ஆற்றின் முகத்துவாரத்திற்கு மாற்றியது. நோய் அப்பக்கத்து ஊர்களுக்கும் பரவியது. 1959இல் குமமோட்டோ பல்கலைக்கழகத்தார் பாதரசமே காரணம் என்று வெளியிட்டனர். அவ்வாண்டிலேயே ஹொசொகவா, தொழிற்சாலைக் கழிவைத் தீனியோடு கலந்து ஒரு பூனைக்குக் கொடுத்துவந்தார். அதற்கு 400 என எண்ணிட்டிருந்தனர். அக்டோபரில் அப்பூனை ஆடத் தொடங்கிற்று. அம்முடிவை நிறுவனம் வெளியிடவில்லை. கழிவு 1968ஆம் ஆண்டு வரை கடலிற் சென்றுகொண்டே இருந்தது. 1970இல், மரணப் படுக்கையிலிருந்து ஹொசொகவா அப்பூனையைப் பற்றி நீதிமன்றத்துக்குச் சாட்சியம் அளித்தார். 1973இல் நோயாளிகளின் பக்கம் தீர்ப்பாயிற்று.

பாதரசம் ஜப்பானுக்கு மட்டுமே உரிய கதை என்று நாம் இருந்துவிட இயலாது. நம் கொடைக்கானலில் இயங்கிய வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று, பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவுகள் வெளியே கிடந்தமை வெளிப்பட்டபின் 2001ஆம் ஆண்டில் மூடப்பட்டது.

ஆலைப் புகைக்கும் கழிவுக்கும் மனிதனே பொறுப்பாளி. மழைக்கும் வெயிலுக்கும் அவ்வாறு ஒருவரைச் சுட்டுவது எளிதன்று. எனினும் மழையினால் வரும் நோயிலும் விலங்கே முந்துவதைக் கிழக்கு ஆப்பிரிக்காவில் காண்கிறோம். கெனியா நாட்டின் நைவாஷா ஏரிக்கரைப் பண்ணைகளில் 1930ஆம் ஆண்டில் ஆட்டுக்குட்டிகள் கூட்டம் கூட்டமாக மாண்டன. சினையாடுகள் குட்டி வீசின. அதற்குக் காரணமான வைரஸ் நோய், ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சல் என்று பெயர் பெற்றது. அந்நோயைப் பரப்பும் கொசு வகை ஒன்று, தரையிலுள்ள ஆழமற்ற பள்ளங்களின் ஈர மண்ணில் முட்டையிடுகிறது. தாய்க்கொசுவிடமிருந்தே வைரஸ் முட்டைக்குள் சென்றுவிடுகிறது. பள்ளம் காய்ந்து ஆண்டுகள் சென்றாலும் முட்டை சாவதில்லை. பெருமழை பெய்து பள்ளம் நிரம்பினால், நோயை உடன்கொண்டே கொசுக்கள் வெளிவருகின்றன, ஆடுமாடுகளைக் கடிக்கின்றன. நோயுற்ற விலங்கின் இரத்தத்தைத் தொடுவோருக்கும், பின்னர்க் கொசுக்கடியினாலும், மனிதருக்கு நோய் வருகிறது.

பசிபிக் மாகடலும் மேற்கு இந்து மாகடலும் ஒருங்கே வெப்பமுறும் ஆண்டுகளில் அந்நாட்டில் மழை மிகுகிறது. 1997-98இல் அவ்வாறு நேர்ந்தபோது பெருங்கொள்ளைநோய் மூண்டது. அதன்பின் விஞ்ஞானிகள் கடலின் வெப்பத்தையும், புல்வெளி பசுமையுறுவதையும் செயற்கைக் கோள்களால் அளந்து வந்தனர். 2006ஆம் ஆண்டின் இறுதியில் நோய் வரும் என முன்னறிவித்தனர். சில வாரங்களில் வந்தது. அறிவிப்பு இருந்தும், தடுப்பூசி ஆடுமாடுகளை வேளைக்குச் சென்றடையவில்லை. மந்தையோடு வாழும் சோமாலிய இடையர்களோ, கொசு மொய்ப்பதையும் ஆடுகள் குட்டி வீசுவதையும் கண்டு, ஆய்வுக்கூடம் உறுதி செய்வதற்கு முன்னரே இன்ன நோய் என அறிந்திருந்தனர். விண்கோளின் கணக்கும் இடையனின் கண்ணும் ஒன்றையே கூறின. இரண்டிற்கும் இடையிலிருந்த அலுவலகங்களே தாமதித்தன என்பது என் கருத்து.

இதனைக்கொண்டு, விலங்கு நலமாயிருந்தால் நமக்கும் நலம் என்று எண்ணிவிடலாகாது. நிபா வைரஸைத் தாங்கும் பழந்தின்னி வௌவால் நோயின்றியே பறக்கிறது. எவ்விலங்கு எந்நோய்க்கு நம்மைவிட விரைவில் ஆட்படும் என்பதை ஒவ்வொன்றாக ஆராய்ந்தே அறிதல் வேண்டும்.

அவ்வாறு அறிந்து பயன்கொள்ளும் ஓர் எடுத்துக்காட்டு நமக்கு அருகிலேயே இருக்கிறது. 1957ஆம் ஆண்டில், அன்றைய மைசூர் மாநிலத்துச் சிமோகா மாவட்டத்தில், கியாசனூர்க் காட்டில் குரங்குகள் மாண்டு கிடந்தன. அருகிலுள்ள சிற்றூர் மக்களுக்கும் கடுங்காய்ச்சல் கண்டது. காட்டு உண்ணிகள் பரப்பும் புதிய வைரஸ் ஒன்றே காரணம் என்பதைப் புனே ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர். இறந்த குரங்கின் உடல் குளிர்ந்ததும் அதிலிருந்த உண்ணிகள் இறங்கிச் சருகுகளிடையே பரவுகின்றன. விறகு பொறுக்கவும் மாடு மேய்க்கவும் செல்வோர்மீது ஏறுகின்றன. ஆதலால், காட்டில் குரங்கு ஒன்று செத்துக் கிடப்பதைக் காண்போர் உடனே சுகாதாரத் துறைக்கும் வனத்துறைக்கும் தெரிவிக்குமாறு அப்பகுதிகளில் அறிவுறுத்தப்படுகின்றனர். ஊழியர்கள் வந்து அவ்விடத்தைச் சுற்றி உண்ணிகொல்லி மருந்தைத் தூவி, குரங்கின் உடலிலிருந்து சோதனைக்குரிய பகுதிகளை எடுத்து அனுப்புகின்றனர். முடிவு தெரியும்வரை அந்தப் பக்கத்துக் காட்டுக்குள் செல்லவேண்டாம் என ஊராருக்குச் சொல்லப்படுகிறது.