வெயில் ஊரில் குஞ்சு பொரிக்கும் பெட்டி

சூலக்கரை, ஆமத்தூர் பக்கத்து மானாவாரிக் குடும்பங்களுக்கு, மழை பொய்த்த ஆண்டில் கைச்செலவுக்கு உதவுவது கொல்லையில் மேயும் நாட்டுக்கோழி. ஆனால் ஒரு பெட்டைக்கோழி ஆண்டு முழுவதும் முட்டையிடுவதில்லை. ஒரு சுற்றில் 10 முதல் 15 முட்டை இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். 21 நாள் அடை, அதன்பின் இரண்டு மூன்று மாதம் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரிவது என்று காலம் போய்விடுகிறது. முட்டைகளை எடுத்து வேறு வழியில் பொரிக்க வைத்தால், அடை தெளிந்த கோழி இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி முட்டைக்கு வந்துவிடும்.

இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் பலர் தெர்மோகோல் பெட்டியும் குண்டு பல்பும் வாங்கி, வீட்டிலேயே இன்குபேட்டர் என்னும் குஞ்சு பொரிப்பானைச் செய்துகொள்கிறார்கள். நம்மால் செய்யக்கூடிய வேலைதான். ஆனால் இதற்குச் சொல்லப்படும் குறிப்புகள் பெரும்பாலும் குளிர்ப் பிரதேசத்துக்கு எழுதப்பட்டவை. முட்டைக்குச் சூடு போதாமல் போகுமோ என்பதே அவற்றின் கவலை. விருதுநகர் வட்டாரத்தில் முட்டையைக் கெடுப்பது பெரும்பாலும் சூடு மிகுவதுதான்.

கருவுக்கு வேண்டிய வெப்பம் 37.5 முதல் 37.8 டிகிரி செல்சியஸ். பாரன்ஹீட் கணக்கில் ஏறத்தாழ 100. வெப்பம் ஒரு மணி, இரண்டு மணி நேரம் குறைந்து போனால் கரு பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். தாய்க்கோழியும் இரை தேட தினமும் சிறிது நேரம் எழுந்து போகத்தானே செய்கிறது? ஆனால் 40 டிகிரியைத் தாண்டிச் சில மணி நேரம் நின்றால் கரு செத்துவிடும். பல்பை அணைக்கக் கருவி உண்டு. பெட்டியைக் குளிரவைக்க நம்மிடம் கருவி இல்லை. சித்திரை, வைகாசியில் தகரக் கூரையோ ஆஸ்பெஸ்டாஸ் கூரையோ போட்ட அறையில், பகலில் பல்பு எரியாமலே பெட்டி அந்த அளவைத் தாண்டிவிடும். போதாததற்கு, 14 நாளைக்கு மேல் வளர்ந்த கருக்கள் தாமே சூட்டை வெளியிடுகின்றன. ஆகவே பங்குனி முதல் ஆனி வரை பெட்டியை மூடி வைத்துவிட்டு, ஆவணி முதல் மாசி வரை வேலை செய்வதே உத்தமம். கோடையிலும் செய்தே தீரவேண்டும் என்பவர்கள் மண்சுவரும் ஓட்டுக்கூரையும் உள்ள அறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பெட்டிக்குள் போகும் முன்பே முட்டை கெட்டுவிடுவதும் உண்டு. வெப்பம் 20, 21 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் கரு வளராமல் உறங்கிக் கிடக்கும். 27 டிகிரிக்கு மேல் அரைகுறையாக வளரத் தொடங்கி, பலமிழந்து மடியும். நம் வீடுகளில் அரிசிப் பானை மேலும் அலமாரியிலும் பத்துப் பன்னிரண்டு நாள் சேர்த்து வைத்த முட்டைகளுக்கு நேர்வது இதுதான். வாய் அகன்ற மண்பானையில் பாதிக்கு மணல் நிரப்பி, தினமும் நீர் தெளித்து ஈரமாக வைத்து, அதன் மேல் துணி விரித்து, கூர்முனை கீழே இருக்கும்படி முட்டைகளை அடுக்கலாம். பானை நிழலில், காற்றோட்டமாக இருக்க வேண்டும். நம் பெண்கள் காலங்காலமாகச் செய்துவந்த முறைதான். குளிர்ச்சிக்கு இதைவிட மலிவான வழி இல்லை. அப்படியும் ஏழு நாளுக்கு மேல் சேர்க்கக் கூடாது. முட்டையைக் கழுவவும் கூடாது. ஓட்டின் மேலுள்ள மெல்லிய பூச்சு போய்க் கிருமி உள்ளே நுழையும். எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் அவசியம். கடையில் விற்கும் பண்ணை முட்டை சேவல் சேராதது. அதை எத்தனை நாள் வைத்தாலும் கூமுட்டைதான்.

பெட்டி செய்யும் முறை

50 முட்டைக்கு இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள மரப்பெட்டியோ கெட்டியான தெர்மோகோல் பெட்டியோ போதும். மேலே இரண்டு 40 வாட் குண்டு பல்பு வேண்டும். எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தரும், சூடு தராது. இரண்டு பல்பு போடுவது ஒன்று பழுதானால் மற்றது காப்பாற்றும் என்பதற்காக. தெர்மோஸ்டாட் என்னும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியும், காற்றைச் சுழற்றக் கணினியில் இருக்கும் சிறு விசிறியும் மின்சாதனக் கடைகளில் கிடைக்கும். பக்கவாட்டில் அடியில் நான்கு துளை, மூடியில் நான்கு துளை இடவேண்டும். ஓட்டுக்குள் இருக்கும் கருவும் மூச்சு விடுகிறது. பல்பு பாதி நேரம் எரிவதாகக் கொண்டால் 21 நாளைக்குச் சுமார் 20 யூனிட் மின்சாரம் ஆகும்.

விசிறி இல்லாத பெட்டியில் சூடு மேலே ஏறி நிற்கும். அப்போது முட்டையின் மேல்மட்ட உயரத்தில் 38.3 முதல் 38.9 டிகிரி வரை காட்ட வேண்டும். விசிறி இருந்தால் 37.6 போதும். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் பக்கத்து வீட்டுக்காரர் வைத்த அளவையே வைத்து ஏமாறுகிறவர்கள் உண்டு.

மலிவான கருவி சரியான அளவைத்தான் காட்டுகிறதா என்று முதலில் சோதிக்க வேண்டும். ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் கருவியின் உணர்முனையையும் காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியையும் ஒன்றாக அமிழ்த்திப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். ஒரு டிகிரி வித்தியாசமும் சாதாரணமல்ல. 19, 20ஆம் நாளிலேயே பொரிந்து, தொப்புள் மூடாமல் குஞ்சுகள் வந்தால் சூடு மிகுதி. 22, 23ஆம் நாள் வரை இழுத்தடித்தால் சூடு குறைவு. அடுத்த முறைக்கு இதைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். முட்டை வைக்கும் முன் ஒரு பகல், ஓர் இரவு பெட்டியை வெறுமனே ஓடவிட்டுப் பார்ப்பது கட்டாயம்.

நம் வட்டாரத்துக் காற்று வறண்டது. பெட்டியின் அடியில் அகலமான தட்டில் தண்ணீர் வைத்து, முதல் 18 நாளைக்கு ஈரப்பதம் 50 முதல் 55 சதவீதமும், கடைசி மூன்று நாள் 65 முதல் 70 சதவீதமும் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். கடைசி நாட்களில் இன்னொரு தட்டு அல்லது நனைத்த துணி சேர்த்தால் போதும். முட்டைகளை ஒரு நாளைக்கு மூன்று அல்லது ஐந்து முறை திருப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் கரு ஓட்டின் உள்தோலில் ஒட்டிக்கொள்ளும். ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் என்று பென்சிலால் இட்டுக்கொண்டால் குழப்பம் வராது. 18ஆம் நாளுக்குப் பின் திருப்பவும் கூடாது, தேவையின்றி மூடியைத் திறக்கவும் கூடாது.

ஏழாம் நாள் இரவு, இருட்டில் கைபேசி விளக்கை முட்டையின் அகன்ற முனையில் வைத்துப் பாருங்கள். சிலந்தி வலை போல இரத்தக் குழாய்கள் தெரிந்தால் கரு உயிரோடு இருக்கிறது. தெளிவாக இருந்தால் கூமுட்டை. இரத்தம் வளையமாகத் தெரிந்தால் கரு செத்துவிட்டது. இவை இரண்டையும் அப்புறப்படுத்தாவிட்டால் அழுகி வெடித்து மற்றவற்றையும் கெடுக்கும்.

வேட்டுச் சத்தமும் தீயும்

இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும் என்று அடைக்கூடையில் இரும்புத் துண்டும் கரியும் மிளகாயும் போடும் வழக்கம் நம்மிடம் உண்டு. சிவகாசிப் பக்கம் வேட்டுச் சத்தத்தையும் இதோடு சேர்த்துச் சொல்வார்கள். ஒலியைவிட வேகமாகப் பறக்கும் விமானங்கள் எழுப்பும் வெடியோசையில் கோழிமுட்டைகளை வைத்து அமெரிக்காவில் 1960களில் சோதித்துப் பார்த்தார்கள். பொரிப்பு குறையவில்லை. இரும்பும் கரியும் போடுவதால் நட்டம் ஒன்றுமில்லை, போடுகிறவர்கள் போட்டுக்கொள்ளட்டும். முட்டையைக் கெடுப்பது சத்தமல்ல, குலுக்கல். மோட்டார் சைக்கிளில் பையில் தொங்கவிட்டுக் கொண்டுவந்த முட்டையை, கூர்முனை கீழாக ஒரு நாள் ஓய்வாக வைத்த பிறகே பெட்டியில் அடுக்க வேண்டும்.

பயப்பட வேண்டியது தீக்குத்தான். 21 நாள் இரவும் பகலும் எரியும் பல்பு, தெர்மோகோல், உமி, காகிதம் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. தீப்பெட்டி வேலைக்கான அட்டை, காகிதக் குழல் போன்றவை வைத்திருக்கும் அறையில் இந்தப் பெட்டி கூடவே கூடாது. பட்டாசுப் பொருளை வீட்டில் வைத்து வேலை செய்வதே சட்டவிரோதம். அப்படிப்பட்ட வீட்டில் இந்தப் பெட்டியை நினைத்தும் பார்க்கக் கூடாது. பல்புக்கும் தெர்மோகோலுக்கும் இடையே நான்கு விரல் இடைவெளி விட்டுத் தகரம் அடிக்க வேண்டும். ஒட்டுப்போட்ட ஒயரைப் பயன்படுத்தாமல் நல்ல ஒயர் வாங்கி, பியூஸ் வைத்து இணைக்க வேண்டும். நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இதுவல்ல.

ஐப்பசி, கார்த்திகையில் மின்சாரம் நின்றுபோனால் துளைகளைத் துணியால் பாதி அடைத்து, பெட்டியின் மேல் சாக்கைப் போர்த்தலாம். வெந்நீர் நிரப்பிய பாட்டில்களை உள்ளே வைத்தால் மூன்று நான்கு மணி நேரம் சமாளிக்கலாம். இதைவிட நல்ல காப்பீடு ஒன்று இருக்கிறது. பெட்டியில் முட்டை வைக்கும் அதே நாளில் ஓர் அடைக்கோழியையும் முட்டையோடு உட்கார வையுங்கள். சிறுவிடைக் கோழியைப் போலப் பொறுமையான தாய் கிடைப்பது அரிது. ஏழாம் நாள் கூமுட்டைகளைக் கழித்தபின், கோழியின் அடியில் காலியான இடத்துக்குப் பெட்டியிலிருந்து நல்ல முட்டைகளை மாற்றலாம். பொரித்த இரவில், பெட்டிக் குஞ்சுகளில் சிலவற்றை இருட்டில் அந்தக் கோழியின் இறகுக்கடியில் மெல்லத் தள்ளிவிட்டால் காலையில் தன் குஞ்சாகவே ஏற்றுக்கொள்ளும். 15 குஞ்சு வரை ஒரு தாய் கூட்டிக்கொண்டு போகும். மீதிக் குஞ்சுகளுக்கு மட்டும் புரூடர் விளக்கு போட்டால் போதும்.

ஓட்டைக் கொத்திய குஞ்சு வெளியே வர 12 முதல் 24 மணி நேரம் கூட எடுக்கும். அவசரப்பட்டு ஓட்டை உரித்தால் இரத்தம் கசிந்து குஞ்சு சாகும். வெளிவந்த குஞ்சை இறகு உலரும் வரை பெட்டியிலேயே விடலாம்; வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கரு இரண்டு நாளைக்கு அதற்கு உணவாகும். வெள்ளைக் கழிச்சல் நோய்க்கான முதல் சொட்டு மருந்தை ஏழாம் நாளுக்குள் கண்ணில் விடவேண்டும். பல குஞ்சுகளுக்கு ஒரே குப்பியில் மருந்து வருவதால், அக்கம்பக்கத்தில் ஒரே வாரத்தில் குஞ்சு பொரித்தவர்கள் சேர்ந்து வாங்கிக்கொள்வது நல்லது. அருகிலுள்ள கால்நடை மருந்தகத்திலோ அருப்புக்கோட்டை வேளாண் அறிவியல் நிலையத்திலோ முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளலாம்.