சிறுமூளையின் பெரிய வேலை

உடல் தள்ளாடாமல் காக்கும் உறுப்பு என்றே நினைத்திருந்தார்கள். குழந்தை பேசுவதிலும் பழகுவதிலும்கூட அதற்குப் பங்கு உண்டு.

ஒரு பேனா, ஒரு சாவிக்கொத்து, ஒரு அட்டை. குழந்தையின் வளர்ச்சி சரியாக இருக்கிறதா என்று முதலில் பார்க்க இவ்வளவு போதும் என்று காட்டியது திருவனந்தபுரம். அங்கே 1987இல் தொடங்கிய குழந்தை வளர்ச்சி மையத்தைச் சேர்ந்த டாக்டர் எம்.கே.சி. நாயரும் சகாக்களும் உருவாக்கி, 1991இல் வெளியிட்ட அட்டை அது. இரண்டு வயதுக்குள் குழந்தை செய்ய வேண்டிய 17 காரியங்கள் அதில் உள்ளன. குழந்தையின் வயதுக்கு நேராக ஒரு கோடு. கோட்டுக்கு இடப்பக்கம் உள்ள எதையாவது குழந்தை செய்யவில்லை என்றால் விரிவான பரிசோதனை தேவை. அங்கன்வாடி ஊழியரே இதைச் சில நிமிடங்களில் பார்த்துவிடலாம்.

கழுத்து நிற்பது, குப்புறக் கவிழ்வது, தனியே நடப்பது எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. முகம் பார்த்துச் சிரிப்பது, கைதட்டி விளையாடுவது, இரண்டு வார்த்தை பேசுவது ஆகியவையும் அதே பட்டியலில்தான். உடல் வேறு, மனம் வேறு என்று அட்டை பிரிக்கவில்லை. மூளையும் பிரிப்பதில்லை என்பதற்கான சான்று தலையின் பின்பக்கம், பிடரிக்குச் சற்று மேலே இருக்கிறது.

மூளையின் எடையில் சிறுமூளை சுமார் 10 சதவீதம்தான். ஆனால் மூளையில் உள்ள சுமார் 8,600 கோடி நரம்புச் செல்களில் 6,900 கோடி அங்கேதான் இருப்பதாக 2009இல் பிரேசில் விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். குடித்தவர் கால் தடுமாறுவதற்கும் நாக்குக் குழறுவதற்கும் சிறுமூளை மந்தமாவது முக்கியக் காரணம். அசைவைச் சீராக்குவதோடு அதன் வேலை முடிந்தது என்றே மருத்துவம் நெடுங்காலம் கருதியது.

1998இல் பாஸ்டன் நரம்பியல் நிபுணர் ஜெரமி ஷ்மாஹ்மனும் ஜேனட் ஷெர்மனும் சிறுமூளையில் நோய் கண்ட 20 பேரை ஆராய்ந்தார்கள். பலருக்குத் திட்டமிடுவது, சொல் தேடுவது, உணர்ச்சியை அடக்குவது எல்லாம் சிக்கலாகியிருந்தன. டம்ளரை எடுக்க நீளும் கை குறி தவறாமல் திருத்துகிற அதே உறுப்பு, எண்ணத்தையும் அளவோடு வைக்கிறது என்பது ஷ்மாஹ்மனின் விளக்கம். எதிரில் இருப்பவர் முகம் சுளித்தால் நாம் பேச்சை மாற்றிக்கொள்கிறோமே, அதுவும் ஒருவகைத் திருத்தம்தான்.

ஆட்டிசத்தோடு உள்ள தொடர்பு இங்கேதான் வருகிறது. ஆட்டிசம் உள்ளவர்களின் சிறுமூளையில் பர்கின்ஜி செல்கள் குறைந்திருப்பதை 1980களிலேயே கண்டார்கள். குறைமாதத்தில் பிறந்து, சிறுமூளையில் ரத்தம் கசிந்த குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்களிடம் ஆட்டிச அறிகுறிகள் தெரிந்ததாக 2007இல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. 2012இல் எலிகளின் பர்கின்ஜி செல்களில் மட்டும் ஒரு மரபணுவை நீக்கினார்கள். அவை சக எலிகளிடம் நாட்டம் இழந்தன.

ஆனால் அவசர முடிவு கூடாது. ஆட்டிசத்துக்குக் காரணங்கள் பல. சிறுமூளை அதில் ஒன்று மட்டுமே. ஸ்கேன் எடுத்து ஆட்டிசத்தை உறுதி செய்ய முடியாது. குழந்தையின் நடத்தையைக் கவனித்துத்தான் டாக்டர்கள் முடிவு செய்கிறார்கள்.

நேரம்தான் முக்கியம். கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலும் பிறந்த முதல் ஆண்டிலும் சிறுமூளை மளமளவென்று வளர்கிறது. குறைமாதக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனிக்கச் சொல்வது இதனால்தான். திருவனந்தபுரம் ஸ்ரீ அவிட்டம் திருநாள் மருத்துவமனையில் பிறந்த, வளர்ச்சி தாமதமாகும் அபாயமுள்ள குழந்தைகளின் தாய்மார்களுக்கு, வீட்டிலேயே செய்யக்கூடிய தூண்டல் பயிற்சிகளைக் கற்றுத் தந்தார்கள். பயிற்சி பெற்ற குழந்தைகள் மற்றவர்களைவிட வளர்ச்சியில் முந்தியிருந்ததை 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. அது ஆட்டிசத்துக்கான சிகிச்சை அல்ல. ஆனால் சீக்கிரம் தொடங்கினால் பலன் உண்டு என்பதற்கு நல்ல அத்தாட்சி.

'ஆண் பிள்ளை, மெதுவாகத்தான் பேசுவான்' என்று வீட்டுப் பெரியவர்கள் சமாதானம் சொல்வது வழக்கம். அந்தச் சமாதானத்தில் கரைவது குழந்தையின் பொன்னான மாதங்கள். 2013இல் தொடங்கிய தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ், மாவட்டந்தோறும் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் அமைக்கப்படுகின்றன. சந்தேகம் இருந்தால் அங்கே காட்டலாம். அட்டை நோயின் பெயரைச் சொல்லாது. காத்திருக்காதே என்று மட்டும் சொல்லும்.